திருவள்ளூர் மாவட்டத்தில் சீன, ஆங்கிலேய உணவுகள்: ஒரு வரலாற்றுப் பார்வை

முன்னுரை

தமிழ்நாட்டின் வடகிழக்கு மூலையில், சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள தொழில் நகரம் கும்மிடிப்பூண்டி. சிப்காட் ஆலைகளில் பகல் ஷிப்ட் முடிந்து தொழிலாளர்கள் வெளியே வரும் மாலை வேளையில் சாலையோரத் தள்ளுவண்டிகளில் அடுப்பு மூட்டப்படும். வண்டியின் நெற்றியில் 'பாஸ்ட் புட்' என்று எழுதியிருக்கும். மேலை நாடுகளில் அச்சொல் பர்கரையும் பொரித்த கோழியையும் குறிக்கும். தமிழ்நாட்டுத் தெருக்களில் அது பிரைடு ரைஸ், நூடுல்ஸ், காலிபிளவர் மஞ்சூரியன், சில்லி சிக்கன் ஆகியவற்றைக் குறிக்கும். பக்கத்துத் தேநீர்க் கடையில் பட்டர் பன், பிரட் ஆம்லெட், முட்டை பப்ஸ் கிடைக்கும். முதல் வரிசைக்குப் பெயர் சீனம். இரண்டாம் வரிசைக்கு வேர் ஆங்கிலம். இரண்டுமே இன்று உழைப்பவரின் மாலை உணவு.

இவ்வுணவுகள் பணக்காரரின் நாகரிகமாக நட்சத்திர விடுதிகளில் இறங்கிப் பின்னர் தெருவுக்கு வந்தவை என்ற எண்ணம் பொதுவாக உண்டு. அது பாதி உண்மையே. இருப்புப்பாதை, பட்டாளம், ஆலை, அகதிக் கப்பல் ஆகியவையும் இவற்றைக் கொண்டுவந்த வழிகள். யாரோடு யார் உட்கார்ந்து உண்ணலாம் என்பது சாதியால் தீர்மானிக்கப்பட்ட ஒரு சமூகத்தில், எந்தச் சாதிக்கும் உரியதல்லாத உணவாக இவை வந்து சேர்ந்தன. அந்த வரலாற்றை இக்கட்டுரை சுருக்கமாக விளக்குகிறது.

சொற்களில் தங்கிய சீனம்

சீனத்துடன் தமிழருக்கு இருந்த தொடர்பு மிகப் பழமையானது. சோழ அரசர்கள் 1015, 1033, 1077 ஆம் ஆண்டுகளில் சீனாவின் சோங் அரசவைக்குத் தூதுக்குழுக்களை அனுப்பினர். கடல் வணிகம் வழியே வந்த பொருள்களின் நினைவு தமிழ்ச் சொற்களில் இன்றும் தங்கியிருக்கிறது. தென் மாவட்டங்களிலும் இலங்கையிலும் குழிந்த இரும்பு வாணலியைச் 'சீனச்சட்டி' என்பர். சர்க்கரையைக் குறிக்கும் 'சீனி' என்ற சொல்லிலும் அந்நாட்டின் பெயரே ஒலிக்கிறது.

தேயிலையும் அவ்வாறே. சீனாவின் புக்கியன் மாநிலக் கடற்கரைப் பேச்சில் 'தே' என்று வழங்கிய சொல் டச்சு வணிகர் வழியே ஐரோப்பாவுக்குச் சென்று ஆங்கிலத்தில் 'டீ' ஆயிற்று. அதே இலைக்குச் சீனாவின் பிற பகுதிகளில் வழங்கிய 'சா' என்ற சொல்லே 'சாயா' ஆயிற்று. தமிழ்நாட்டுக் கடைவீதியில் ஒருவர் டீ என்றும் மற்றவர் சாயா என்றும் கேட்பது ஒரே இலையின் இரண்டு பயணங்களைக் காட்டுகிறது. எனினும் சீனப் பாத்திரமும் சீன இலையும் வந்த காலத்தில் சீனச் சமையல் இங்கு வரவில்லை. அதற்குப் பல நூற்றாண்டுகள் கழிந்தன.

ஆங்கிலேயர் மேசையும் மதராஸ் சமையற்காரரும்

ஆங்கிலேய உணவு இங்கு ஒருவழிப் பாதையில் வரவில்லை. தமிழரின் மிளகுத் தண்ணீர் ஆங்கிலேயரின் மேசைக்குச் சென்று, இறைச்சியும் காய்களும் சேர்ந்து, 'முலிகட்டானி' என்ற சூப்பாக மாறியது. அச்சொல் 18 ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆங்கிலத்தில் பதிவாகிவிட்டது. மதராஸ் மாகாணத்து ஆங்கிலேயருக்கு 'முல்' என்ற கேலிப் பெயரே அதனால் ஏற்பட்டது. இச்செய்தி 1886 இல் வெளியான 'ஹாப்சன் ஜாப்சன்' என்ற புகழ்பெற்ற அகராதியில் உள்ளது. நாம் இன்று தமிழ்ச் சொல்லைப் போலவே வழங்கும் 'டிபன்' என்பதும் இந்திய ஆங்கிலேயர் பேச்சில் வளர்ந்த சொல்தான். அவர்களுக்கு அது நண்பகல் சிற்றுணவு. நமக்கு இட்லியும் தோசையும்.

மதராஸ் குதிரைப்படை அதிகாரியான கென்னி ஹெர்பர்ட், 'வைவர்ன்' என்ற புனைபெயரில் மதராஸ் வாழ் ஆங்கிலேயருக்கான சமையல் நூல் ஒன்றை 1878 இல் வெளியிட்டார். அதில் சமையற்காரர் எல்லாரையும் குறிக்கும் பொதுப் பெயராக 'ராமசாமி' என்று எழுதினார். நூல் ஆங்கிலேயருடையது, அடுப்படியில் நின்றவர் ராமசாமி. மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் சமைக்கப்பட்ட அந்த அடுப்படிகளில் பணி செய்தவர்கள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் கிறித்தவரும் இசுலாமியரும் ஆவர். கட்லெட்டும் சூப்பும் புட்டிங்கும் அவர்கள் கைவழியேதான் தமிழ் மண்ணில் பரவின. உருளைக்கிழங்கு மசாலில் பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும் சேர்ந்து கட்லெட் நம்மூர்ப் பண்டமானது அவர்களின் கைவண்ணமே.

மற்றொரு வரவும் கவனிக்கத்தக்கது. 1820களில் நீலகிரியில் ஜான் சல்லிவன் காலத்தில் ஐரோப்பியக் காய்கறிப் பயிர்கள் இடம்பெறத் தொடங்கின. கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ், பீட்ரூட் ஆகியவற்றைத் தமிழ்நாட்டுச் சந்தைகளில் 'இங்கிலீஷ் காய்' என்று அழைப்பது இன்றும் வழக்கம். காலிபிளவரும் ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தியாவுக்கு வந்த பயிரே. இக்காய்கள் இல்லாமல் பிற்காலத்துத் தெருவோரப் பிரைடு ரைஸையும் மஞ்சூரியனையும் நினைத்துப் பார்க்க முடியாது.

இருப்புப்பாதையும் சாப்பாட்டு அறையும்

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இருப்புப்பாதை 1856 ஆம் ஆண்டு சூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை திறக்கப்பட்டது. அப்பாதை இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் நடுவே சென்றது. 19 ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் வடக்கே பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வழியாகக் கூடூர் நோக்கிச் செல்லும் பாதையும் ஏற்பட்டது. பெரம்பூரிலும் அரக்கோணத்திலும் இரயில்வே குடியிருப்புகள் வளர்ந்தன. அங்கு வாழ்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் ரொட்டி, ஆம்லெட், மஞ்சள் தேங்காய்ச் சோறு, கோளா உருண்டைக் குழம்பு என இரு உலகச் சமையலையும் கலந்து உண்டன.

வண்டியில் பயணம் செய்தவருக்கு வெளியே உண்பது ஆடம்பரமன்று, தேவை. ஆனால் நிலையத்து உணவறைகளில் பிராமணருக்குத் தனி இடமும் மற்றவருக்கு வேறு இடமும் ஒதுக்கப்பட்டிருந்தன. ஒரே வண்டியில் ஒரே இருக்கையில் வந்தவர்கள் இறங்கியதும் இரண்டு வாசல்களில் நுழைந்தனர். இதை எதிர்த்துப் பெரியார் ஈ. வெ. இராமசாமியும் நீதிக்கட்சியினரும் பல ஆண்டுகள் குரல் கொடுத்ததன் விளைவாக 1941 இல் இம்முறை நீக்கப்பட்டது.

நகர உணவகங்களில் சிக்கல் அதன் பின்னரும் தொடர்ந்தது. 1957 இல் சென்னை திருவல்லிக்கேணியில் உணவகப் பெயர்ப் பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை நீக்கக் கோரித் திராவிடர் கழகத்தினர் நாள்தோறும் மறியல் செய்து கைதாயினர். இறுதியில் அச்சொல் பலகையிலிருந்து நீங்கியது. சிற்றூர்களில் இரட்டைக் குவளை முறை அதைவிடக் கொடியதாக நீடித்தது. உணவகங்களில் நுழைவதைச் சாதியின் பெயரால் தடுக்கக் கூடாது என்று இந்திய அரசியலமைப்பின் 15 ஆம் பிரிவு கூறுகிறது. 17 ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. சட்டம் வந்த பின்னும் வழக்கம் மாறக் காலம் பிடித்தது. வெளியே உண்பதன் வரலாற்றைச் சுவையின் வரலாறாக மட்டும் எழுத முடியாது என்பதற்கு இதுவே காரணம்.

ஆலைகளும் தேநீர்க் கடையும்

சுதந்திரத்துக்குப் பின் சென்னையின் வடக்கு, மேற்கு எல்லைகளில் ஆலைகள் எழுந்தன. இங்கிலாந்து நிறுவனத்தின் கூட்டுறவுடன் 1949 இல் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் அம்பத்தூரில் தோன்றியது. எண்ணூரில் அசோக் லேலண்டும் திருவொற்றியூரில் என்பீல்டு மோட்டார் சைக்கிள் ஆலையும் 1950களில் வளர்ந்தன. ஆவடியில் கனரக வாகன ஆலை 1960களில் பணியைத் தொடங்கியது. 1971 இல் சிப்காட் நிறுவப்பட்ட பின் கும்மிடிப்பூண்டியும் தொழிற்பேட்டையாக உருவெடுத்தது. 1997 இல் செங்கல்பட்டு மாவட்டம் பிரிக்கப்பட்டுத் திருவள்ளூர் தனி மாவட்டம் ஆனபோது, வயல்களும் ஏரிகளும் ஒருபுறமும் ஆலைகள் மறுபுறமும் அதன் இரு முகங்களாயின.

1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளில் உணவகம் அமைக்கச் செய்ய மாநில அரசுகளுக்கு அதிகாரம் அளித்தது. ஆலை உணவகத்தில் ஒரே வரிசை, ஒரே தட்டு, ஒரே குவளை. ஊரில் தனிக் குவளையில் தேநீர் வாங்கிய ஒருவர் ஆலைக்குள் மற்றவர் கழுவி வைத்த அதே குவளையை எடுத்தார். வேலை நேரத்தை மணி தீர்மானித்ததால் உணவும் மணிக்குக் கட்டுப்பட்டது. பத்து நிமிட இடைவேளையில் இலை போட்டுச் சாப்பிட முடியாது; ஒரு பன்னும் தேநீரும் போதும்.

இங்கிலாந்தில் ஆலைத் தொழிலாளியின் மாலைப் பசியைத் தணித்ததும் ரொட்டி, வெண்ணெய், சர்க்கரை சேர்த்த தேநீர் ஆகியவையே. அதே சேர்க்கை இங்கும் அதே காரணத்தால் நிலைத்தது. கேரளத்திலிருந்து வந்தோர் நடத்திய தேநீர்க் கடைகளும் பேக்கரிகளும் அதைத் தெருமுனைக்குக் கொண்டுவந்தன. தலச்சேரியில் 1880களிலேயே ஆங்கிலேயத் தோட்ட உரிமையாளருக்குக் கிறிஸ்துமஸ் கேக் செய்து கொடுத்த மாம்பள்ளி பாபுவின் கதை, மலையாளிகளின் பேக்கரித் தொழில் எவ்வளவு பழமையானது என்பதைக் காட்டும்.

கொல்கத்தாவில் பிறந்த 'சைனீஸ்'

கும்மிடிப்பூண்டியைக் கடந்து செல்லும் நெடுஞ்சாலையைப் பழையவர்கள் ஜி.என்.டி. ரோடு என்பர். அதன் மறுமுனை கொல்கத்தா. இந்தியச் சீன உணவின் பிறப்பிடமும் அந்நகரமே. 18 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொல்கத்தாவுக்கு அருகே சர்க்கரை ஆலை அமைத்த தாங் அச்சூ என்பவரே அங்குக் குடியேறிய முதல் சீனராகக் கருதப்படுகிறார். அவர் பெயரால் அவ்விடம் அச்சிப்பூர் எனப்படுகிறது. பின்னர் தச்சர், பல் மருத்துவர், செருப்புத் தைப்பவர் எனப் பலர் வந்தனர். ஹக்கா இனச் சீனர் தாங்ரா பகுதியில் தோல் பதனிடும் தொழிலில் இறங்கினர். சாதி இந்துக்கள் தீட்டெனக் கருதி விலகிய தொழில் அது. அதனாலேயே வெளியிலிருந்து வந்தோருக்கு அதில் இடம் கிடைத்தது.

1962 இல் இந்திய சீனப் போர் மூண்டபோது இச்சமூகம் பெருந்துன்பத்துக்கு ஆளானது. ஏறத்தாழ 3,000 பேர் இராசத்தானின் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டனர். சிலர் பல ஆண்டுகள் அங்கேயே இருந்தனர். விடுதலையான பின் பலர் கனடாவுக்கும் பிற நாடுகளுக்கும் குடிபெயர்ந்தனர். எஞ்சியோருக்கு உணவகமும் அழகு நிலையமும் பிழைப்பு ஆயின. 1996 இல் கொல்கத்தாவின் தோல் பதனிடும் ஆலைகளை இடம் மாற்ற உச்ச நீதிமன்றம் ஆணையிட்ட பின் தாங்ராவில் உணவகங்கள் மேலும் பெருகின. இன்று நாம் ஹக்கா நூடுல்ஸ் என்று கேட்கும்போது ஒரு மக்களினத்தின் பெயரையே உச்சரிக்கிறோம்.

கொல்கத்தாவில் பிறந்த நெல்சன் வாங் 1975 இல் மும்பையில் சிக்கன் மஞ்சூரியனை உருவாக்கினார். இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் என இந்திய அடிப்படையில் தொடங்கி, கரம் மசாலாவுக்குப் பதிலாகச் சோயா சாஸ் சேர்த்து, சோள மாவால் குழம்பைக் கெட்டியாக்கியதாக அவர் கூறியுள்ளார். சீனாவின் வடகிழக்கிலுள்ள மஞ்சூரியாவில் இப்படியொரு உணவு கிடையாது. மரக்கறி உண்போருக்காகக் கோழியின் இடத்தில் காலிபிளவர் வந்தபோது கோபி மஞ்சூரியன் தோன்றியது. சென்னையில் இதற்கு முன்பே எண்ணெயில் பொரித்த காரக் கோழிக்கு ஒரு பெயர் இருந்தது. அண்ணா சாலையில் 1951 இல் தொடங்கிய புகாரி உணவகம், சிக்கன் 65 தங்களிடம் 1965 இல் பிறந்தது என்று கூறுகிறது. இன்று தள்ளுவண்டியில் 'கோபி 65' என்ற பெயரில் ஆங்கிலேயர் கொண்டுவந்த காயும் சென்னையில் பிறந்த எண்ணும் ஒன்று சேர்ந்துள்ளன.

பர்மா வழி வந்த அத்தோ

வட சென்னைக்கும் திருவள்ளூர் பகுதிக்கும் நூடுல்ஸ் வேறொரு வழியிலும் வந்தது. 1962 இல் பர்மாவில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றி, 1964 இல் கடைகளை நாட்டுடைமையாக்கியபோது, தலைமுறைகளாக அங்கு வாழ்ந்த தமிழர்கள் பெரும் எண்ணிக்கையில் கப்பலேறினர். சேர்த்த பொருளை விட்டுவிட்டு வந்தவர்கள் கைப்பக்குவத்தை மட்டும் கொண்டுவந்தனர். அவர்களின் மறுவாழ்வுக்காகச் சென்னைக் கடற்கரை இரயில் நிலையத்துக்கு எதிரே 1969 இல் பர்மா பசார் ஏற்பட்டது. அதையொட்டிய தெருக்களில் அத்தோ கடைகள் தோன்றின.

பர்மிய மொழியில் 'அதோக்' என்றால் கையால் கலந்து பிசைந்த உணவு. வேகவைத்த நூடுல்ஸுடன் முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித் தண்ணீர், மிளகாய்த் தூள், நொறுக்கிய பேஜோ ஆகியவற்றைச் சேர்த்துக் கையால் பிசைவர். பக்கத்தில் வாழைத்தண்டு சேர்த்த சூடான சூப் வைப்பர். சீன நூடுல்ஸ் பர்மாவில் பர்மிய உணவாகி, தமிழர் நாவில் புளிப்பும் காரமும் ஏறி, மீண்டும் தமிழகம் வந்தது. ஆகவே வட சென்னை மக்களுக்கு நூடுல்ஸை அறிமுகப்படுத்தியவர்கள் நட்சத்திர விடுதிக்காரர்கள் மட்டுமல்லர். வீடிழந்து வந்த தமிழர்களும் ஆவர். கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் முகாமும் உண்டு. இடம்பெயர்ந்தோரின் அடுப்பு இம்மாவட்டத்துக்குப் புதிதல்ல.

தள்ளுவண்டியின் காலம்

1983 இல் இரண்டு நிமிட நூடுல்ஸ் பொட்டலங்கள் இந்தியச் சந்தைக்கு வந்தன. நூடுல்ஸ் என்ற சொல் வீட்டுப் பிள்ளைகளின் பேச்சில் நுழைந்தது. 1990களுக்குப் பின் தள்ளுவண்டிகள் பெருகின. அவற்றின் வெற்றிக்குச் சில எளிய காரணங்கள் உண்டு.

முதலாவது, வேகம். சோறும் நூடுல்ஸும் முன்பே வெந்து ஆறியிருக்கும். காய்கள் நறுக்கி வைக்கப்பட்டிருக்கும். உயர்ந்த தழலில் வாணலியைக் குலுக்கினால் சில நிமிடங்களில் தட்டு நிறையும். இரண்டாவது, முதலீடு. ஒரு வண்டி, ஓர் அடுப்பு, எரிவாயு உருளை, இரும்பு வாணலி, சில சாஸ் புட்டிகள் இருந்தால் தொழில் தொடங்கலாம். மூன்றாவது, மூலப்பொருள். செங்குன்றம் அரிசி ஆலைகளுக்கும் மொத்த வணிகத்துக்கும் பெயர் பெற்ற ஊர். அரிசிக்கு இம்மாவட்டத்தில் பஞ்சமில்லை. நான்காவது, சூடு. இரவு ஷிப்டுக்குச் செல்பவருக்குக் கண்முன் சமைத்த சூடான உணவு ஒரு நிம்மதி.

ஐந்தாவது காரணம் பெயர்ப் பலகையில் இருக்கிறது. சாதிப் பெயரும் சமயப் பெயரும் அதில் இல்லை. பிரைடு ரைஸ் இன்னாருடைய வீட்டுப் பக்குவம் என்று யாரும் உரிமை கொண்டாட முடியாது. சமைப்பவர் நேபாளத்தவராகவோ வடகிழக்கு மாநிலத்தவராகவோ இருப்பார். உண்பவர் ஆரணியாற்றங்கரை உழவர் மகனாகவோ பீகாரிலிருந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளியாகவோ இருப்பார். இருவருக்கும் பொதுவான மொழி இல்லாவிட்டாலும் 'ஒரு சிக்கன் ரைஸ்' என்பது புரியும். வண்டியருகே நின்று உண்ணக் கூச்சப்படும் பெண் தொழிலாளர்களுக்குப் பார்சல் என்ற சொல் வழி திறந்தது.

இன்றைய நிலை

இவ்வுணவைப் புகழ்ந்து மட்டும் எழுதுவது வரலாறாகாது. பலமுறை கொதித்த எண்ணெய், கணக்கில்லாத நிறமி, தூசி படியும் சாலையோரம் ஆகியவை மெய்யான சிக்கல்கள். மஞ்சூரியனில் செயற்கை நிறமி சேர்க்கக் கர்நாடக அரசு 2024 மார்ச்சில் தடை விதித்தது. அஜினமோட்டோ குறித்த அச்சம் மக்களிடம் பரவலாக உண்டு. 1908 இல் சப்பானிய வேதியியலாளர் கிகுனே இக்கேடா கடற்பாசிச் சாற்றிலிருந்து பிரித்தறிந்த சுவை அது. தக்காளியிலும் இயல்பாக உள்ள அதே குளூட்டமேட்டே அதன் அடிப்படை. வாடிக்கையாளர் அதைவிடக் கவலைப்பட வேண்டியது எண்ணெயையும் உப்பையும் குடிநீரையும் பற்றியே.

தெரு வணிகர்களின் பிழைப்பைப் பாதுகாக்க 2014 இல் நடுவண் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. அடையாள அட்டையும் ஒதுக்கப்பட்ட இடமும் அவர்களுக்கு உண்டு என்பது அதன் சாரம். இடம் உறுதியானால் நீர் இணைப்பும் கழிவகற்றலும் அமையும், சுத்தமும் வரும். இடத்துக்கு உறுதியில்லாத வண்டிக்காரரிடம் சுத்தத்தை மட்டும் கேட்பது அரைகுறை நீதி.

இதற்கிடையே மாநில எல்லைக்கு அப்பால் தடாவை ஒட்டிய ஸ்ரீசிட்டியிலும், தெற்கே திருப்பெரும்புதூர் பகுதியிலும் சப்பானிய, கொரிய நிறுவனங்கள் வந்துள்ளன. அவற்றின் அலுவலர்களுக்காகக் கிழக்காசிய உணவகங்கள் திறக்கப்பட்டுள்ளன. அங்குக் கிடைக்கும் உணவுக்கும் நம் தள்ளுவண்டி 'சைனீசு'க்கும் உறவு மிகக் குறைவு. இரண்டும் ஒரே நெடுஞ்சாலையில் அருகருகே வாழ்கின்றன.

முடிவுரை

தள்ளுவண்டிக்காரர் தரும் ஒரு தட்டுப் பிரைடு ரைஸைப் பிரித்துப் பார்த்தால் அதில் செங்குன்றத்தில் கைமாறிய அரிசி இருக்கும். ஆங்கிலேயர் அறிமுகப்படுத்திய கேரட்டும் பீன்ஸும் இருக்கும். கொல்கத்தாச் சீனர் பழக்கிய சோயா சாஸும், சப்பானியர் கண்டறிந்த சுவையும், தமிழர் கேட்டு வாங்கும் கூடுதல் காரமும் இருக்கும். இதைச் சீன உணவு என்று சீனர் ஏற்கமாட்டார். தமிழ் உணவு என்று சொல்லத் தமிழரும் தயங்குவர். ஆயினும் ஆலை வேலை முடிந்து பசியோடு வருபவருக்கு அது தயக்கமின்றிக் கிடைக்கிறது. நூறாண்டுகளுக்கு முன் இரயில் நிலையத்தில் இரண்டு வாசல்களில் பிரிந்து நுழைந்தவர்களின் கொள்ளுப்பேரர்கள் இன்று ஒரே வண்டியைச் சுற்றி நின்று உண்கின்றனர். சாதி ஒழிந்துவிட்டது என்பதற்கு அது சான்றன்று. ஆனால் சேர்ந்து உண்பதற்கு ஓர் இடம் உருவாகியிருக்கிறது என்பதற்குச் சான்று. அந்த இடத்தைச் சுத்தமாகவும் நிலையாகவும் வைத்திருப்பது நம் தலைமுறையின் கடமை.